சைக்கிளில் சாவி தேடியவன்

உங்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. ‘வாளி எஸ்.ஐ.’ என்றால் தெரியும். ட்ராபிக் போலீஸுக்குப் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு செட்டுக்கும் முதல் வாரத்திலேயே யாராவது அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்களாம். ஒரு கதையில் நான் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். இன்னொன்றில் ஒரு அமைச்சர் மேலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டேன். பணியில் இருந்தவரை இதையெல்லாம் மறுக்க வெட்கமாக இருந்தது. இப்போது சீருடையைக் கழற்றி வைத்தாயிற்று. இனிமேல் போவதற்கு மானமும் பெரிதாக மிச்சமில்லை. எனவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டு வைத்திருப்பதைவிட இது கொஞ்சம் மோசமாகவே இருக்கும்.

வாளிக்கு வருவதற்கு முன்னால் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வண்டியின் சாவியை உருவக் கூடாது என்று உங்களுக்கு இப்போது வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். நான் வந்த காலத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையே அதுதான். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் அப்புறம். சாவி நம் கைக்கு வந்துவிட்டால் ஆள் எங்கும் போக மாட்டான், ஆற அமரப் பேசலாம். சில மாதங்களில் இது கைக்கே பழகிவிடும். வாய் ‘ஓரங்கட்டு’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை ஹேண்டிலுக்குப் போய்விடும். மூளைக்கு அதில் பங்கு கிடையாது. என்னுடைய வேறு பல காரியங்களிலும் மூளைக்குப் பங்கு இருந்ததில்லை என்று என் மனைவி சொல்வாள்.

எனக்கு முதல் பாயிண்ட் கடலூர் செம்மண்டலத்தில். ஒரு நாள் காலையில், நிற்கச் சொல்லி நான் கை காட்டியும் கவனிக்காமல் ஒருவர் சைக்கிளில் கடந்து வந்தார். விசில் ஊதினேன். நின்றார். என் கை வழக்கம்போலப் போனது. சாவி இருக்க வேண்டிய இடத்தில் பெல் இருந்தது. கை அதையெல்லாம் பார்க்குமா? பிடித்து ஒரு திருகு திருகியது. பெல்லின் மூடி கழன்று என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பெல்லு வேணும்னா கேட்டிருக்கலாமே சார், நானே கழட்டிக் குடுத்திருப்பேன்” என்றார்.

டீக்கடை பெஞ்ச் முழுவதும் சிரித்தது. மூடியைத் திரும்ப மாட்டப் பார்த்தேன், மரை பிடிக்கவில்லை. கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் அந்த முனையைக் கடக்கும்போதெல்லாம் என் பக்கத்தில் வந்ததும் வாயாலேயே “கிணிங் கிணிங்” என்று அடித்துவிட்டுப் போவார். சட்டப்படி அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து சாதாரண மனிதன் ஒருவன் சைக்கிளில் சாவி இல்லை என்று தெரிந்துகொண்டு சும்மா இருப்பான். நான் வேறு முடிவுக்கு வந்தேன். சாவி இல்லையென்றால் சாவிக்குப் பதிலாக எதையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குடை, தூக்குச் சட்டி, காய்கறிப் பை, எது கிடைக்கிறதோ அது. மத்தியானம் என் பாயிண்ட்டைப் பார்த்தால் பேருந்து நிலையத்தில் தவறவிட்ட சாமான்களை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். திட்டக்குடியில் இருந்தபோது ஒரு விவசாயியின் துண்டை இப்படித்தான் வாங்கி வைத்தேன். கரும்பு லாரிகளை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். துண்டை எனக்கே விட்டுவிட்டு, சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டேஷன் ஜீப்பைத் துடைக்க நெடுநாள் அந்தத் துண்டுதான் பயன்பட்டது.

சைக்கிள்காரர்களை ஏன் இப்படி விடாமல் பிடித்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் எளிது. விசில் சத்தம் கேட்டதும் பைக்கில் வருகிறவன் ஆக்சிலேட்டரை முறுக்குவான். சைக்கிள்காரர் இறங்கிவிடுவார். இறங்குகிறவரைத்தானே பிடிக்க முடியும்.

இனி சிதம்பரம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது. திருவிழாக் கூட்டம் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. பந்தோபஸ்து ஏற்பாட்டைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். பேருந்து நிலையத்திலிருந்து கீழ வீதிக்குத் திரும்புகிற முனையில் எனக்கு டூட்டி. அவர் தங்கப் போகும் விருந்தினர் மாளிகை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். என்னோடு ஒரு பெண் காவலர் இருந்தார். என் மகள் வயது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் திட்டுவார். இப்போது உங்களில் சிலருக்கே அவர் மேலதிகாரி. இந்த வேலையில் எனக்குப் பாடம் எடுத்தவர்களில் அவர்தான் கடைசி, அவர்தான் பெரியவர்.

கான்வாய் நெருங்குகிறது, ரூட் க்ளியர் செய்யவும் என்று வயர்லெஸ் மைக்கில் வந்தது. நான்கு பக்கமும் நிறுத்தினேன். ஆட்டோ, பஸ், பைக் எல்லாம் அடங்கி நின்றன. சாலை துடைத்து வைத்த மாதிரி ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தக் காலிச் சாலையில் ஒரு சைக்கிள் வந்தது. மடித்துக் கட்டிய வேட்டி, வெளுத்த சட்டை, ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். ஹேண்டிலில் புத்தம் புதிய சிவப்பு வாளி ஒன்று தொங்கியது.

விசில் ஊதினேன். இறங்கினார்.

“சார், அவசரம் சார். ஓரமாவே போயிடறேன்.”

“யாருக்குய்யா அவசரம் இல்ல? கான்வாய் வருது. நில்லு.”

என் கை கிளம்பியது. எதை வாங்கலாம் என்று மேலும் கீழும் பார்த்தேன். அவர் இடுப்பு பெல்ட்டில் ஒரு வளையத்தில் கொத்துச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருட சர்வீஸில் சைக்கிள்காரர் ஒருவரிடம் நான் கண்ட முதல் சாவி. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் உருவிவிட்டது.

“சார், அது வேணாம் சார். அது வந்து...”

“கான்வாய் போனப்புறம் வாங்கிக்க.”

பெண் காவலர் பக்கத்தில் வந்தார். “எதுக்கு சார் சாவி? அவரு எங்க ஓடிடப் போறாரு? எங்க போறாருன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“நீ ரோட்டப் பாரும்மா” என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தார். கான்வாய் வந்தது. நான் விறைப்பாக சல்யூட் அடித்தேன். சாவிக் கொத்தை அவசரத்தில் கையிலேயே வைத்திருந்ததால் சல்யூட் கலகலவென்று ஒலித்தது. பெரிய அதிகாரி பின் சீட்டில் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்த்து, எதிரே சாலையை மட்டும் வெறித்துப் பார்த்தபடி போனார்.

“பாத்தியாம்மா? எவ்ளோ யோசனை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பல” என்றேன்.

“சென்னையிலேருந்து எங்கயும் நிக்காம வர்றாங்களாம் சார்” என்றார் அவர். அவர் சொன்னதன் பொருள் எனக்கு எட்டவில்லை.

கான்வாய் போனதும் அடைத்து வைத்திருந்த நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. பஸ் திரும்ப முடியவில்லை, ஆட்டோ பின்வாங்க முடியவில்லை, பைக்குகள் இடையில் நுழைந்து முடிச்சை இறுக்கிவிட்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாளிக்காரர் என் பின்னால் வந்து, “சார், சாவி” என்றார்.

“ஜாம் ஆயிருக்கறது தெரியல? சித்த நில்லு.”

நின்றார். அவரைப் போன்றவர்கள் நில் என்றால் நின்றுவிடுவார்கள்.

அப்போதுதான் மைக்கில் எங்கள் இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. அவர் விருந்தினர் மாளிகையில் இருந்தார். “எல்லா பாயிண்ட்டும் கவனிங்க. இங்க சூட் ரூம் பூட்டியிருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட. ஆள் கடைத்தெருவுக்குப் போயிருக்கான், செல்லை ரூம்லயே வெச்சிட்டான். சைக்கிள்ல வருவான். ஹேண்டில்ல சிவப்பு வாளி இருக்கும். அய்யா வராண்டாவுல நடந்துக்கிட்டிருக்காங்க. அவசரம். ரொம்ப அவசரம்.”

ஒவ்வொரு பாயிண்ட்டும் பதில் சொன்னது. எங்க பக்கம் வரலைங்கய்யா. இங்கயும் வரலைங்கய்யா. நானும் பொறுப்பாக இடமும் வலமும் எட்டிப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் முழங்காலில் அந்த வாளி இடித்துக்கொண்டிருந்தது. இங்கேயும் வரவில்லை என்று சொல்ல நான் மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

“சார்” என்றார் அவர் தணிந்த குரலில், “நாந்தான் சார் அது.”

விஷயம் இதுதான். பெரியவர்கள் வரும் நாளில் சூட் அறையைக் கழுவித் துடைத்துப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். இல்லாவிட்டால் எஸ்கார்ட், டிரைவர், எங்களைப் போன்றவர்கள் எல்லாம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்திவிடுவோம். பூட்டியபின் மாளிகையின் பொறுப்பாளருக்கு வாளியில் கீறல் இருந்தது நினைவுக்கு வந்திருக்கிறது. புதிதாக வாங்கி வா, சாவியை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வாட்ச்மேன் சொன்னபடியே செய்திருக்கிறார். யாரிடமும் கொடுக்கவில்லை. நான்தான் உருவிக்கொண்டேன்.

மைக்கில் இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், அந்தப் பொறுப்பாளருடையது, தெளிவாகவே கேட்டது. “வரட்டும் அவன். இன்னையோட வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

வாட்ச்மேனும் அதைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. சைக்கிளின் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி, “வர்ற மாசம் பர்மனென்ட் பண்றதா சொல்லியிருந்தாங்க சார். இத்தினி வருசம் டெம்பரரியாவே ஓட்டிட்டேன்” என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் எடுக்கும் முடிவு பற்றி வகுப்பில் நிறைய சொல்லியிருப்பார்கள். அந்த நெருக்கடியில் நான் எடுத்த முடிவு இது. மைக்கை அழுத்தி, “வாட்ச்மேன் இப்பதான் எங்க பாயிண்ட்டுக்கு வந்தாருங்கய்யா. ட்ராபிக்ல மாட்டிக்கிட்டாரு. ஒடனே அனுப்பறேன்” என்றேன்.

“ட்ராபிக்க நீங்கதானே க்ளியர் பண்ணீங்க? அப்புறம் எப்படி ட்ராபிக்?” என்றது மைக். சிக்னல் சரியில்லாத மாதிரி மைக்கைத் தட்டினேன்.

பெண் காவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பதான் வந்தாரா சார்?”

“மாவட்டமே கேட்டுக்கிட்டிருக்கும்மா. எப்படிச் சொல்றது?”

“சரி. அவர் கூட நீங்களும் போங்க சார். தனியா போனாருன்னா அவரு வேலை போயிடும். நேர்ல நின்னு சொல்லுங்க.”

“பாயிண்ட்ட வுட்டுட்டு எப்படி?”

“பாயிண்ட்ட நான் பாத்துக்கறேன். போங்க சார்.”

போவது சரி, எதில் போவது? என் பைக் முடிச்சுக்கு நடுவில் நின்றது. ஓடலாம் என்றால் என் தொப்பை அதற்குச் சம்மதித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த நெரிசலில் நுழைந்து போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“ஏறுங்க சார்” என்றார் வாட்ச்மேன்.

பணியில் சேர்ந்த புதிதில் டபுள்ஸ் போனதற்காக நான் இறக்கிவிட்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்தத் தெரு நிறையும். தொப்பி, விசில், நட்சத்திரம் சகிதம் நான் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் ஒரு முறை முனகியது. முன்னால் வாளி இடிக்கிறது, வளைக்க முடியவில்லை என்றார். வாளியை வாங்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். அவர் எழுந்து நின்று மிதித்தார்.

நான் அரை மணி நேரமாக வெயிலில் நிறுத்தி வைத்திருந்த சனம் முழுவதும் இரண்டு பக்கமும் இருந்தது. அவர்கள் அதுவரை பட்ட கஷ்டத்துக்கு வட்டியோடு கிடைத்துவிட்டது. “மச்சான், அங்க பாருடா, மாமா டபுள்ஸ் போறாரு” என்று ஒருவன் கத்தினான். “சார், ஹெல்மெட்டு?” என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். “அதான் மடியில வெச்சிருக்காரே” என்றது இன்னொரு குரல். செல்போன்கள் உயர்ந்தன. உங்களில் சிலர் பார்த்திருக்கும் அந்தப் படம் அப்போது எடுத்ததுதான்.

போகும் வழியில் நான் அங்கே பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டேன். ‘அய்யா, தவறு முழுவதும் என்னுடையது. இந்த ஏழைத் தொழிலாளியைத் தண்டிக்காதீர்கள். என்ன நடவடிக்கையானாலும் என் மீது எடுங்கள்.’ சொல்லிப் பார்க்கும்போது எனக்கே கண் கலங்கியது. நான் இவ்வளவு நல்லவனா என்று வியந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் தோளில் இருந்த மைக்கில் பெண் காவலரின் குரல் வந்தது.

“கீழ வீதி முனையிலேருந்து பேசறேங்கய்யா. வாட்ச்மேன் கான்வாய்க்கு முன்னாடியே இங்க வந்துட்டாரு. நாங்கதான் நிறுத்திட்டோம். சாவியையும் நாங்கதான் வாங்கி வெச்சிக்கிட்டோம். அவரு ரெண்டு தடவ கேட்டாரு, குடுக்கல. இப்ப எஸ்.ஐ. சாரும் அவரும் சைக்கிள்ல வந்துக்கிட்டிருக்காங்க.”

நிதானமாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். உருவியது நான் ஒருவன்தான். ‘நாங்கள்’ என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். மிதித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, “அந்தப் பொண்ணு நல்லாருக்கணும் சார்” என்றார். நான் வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். கதையில் வரும் அந்த ஒரு விவரம் ஓரளவு உண்மைதான்.

விருந்தினர் மாளிகையின் வராண்டாவில் இரண்டு வரிசையாக அதிகாரிகள் விறைத்து நின்றார்கள். நடுவில் பெரியவர் நடந்துகொண்டிருந்தார். நடை மிகவும் சிறிய அடிகளாக இருந்தது. வாட்ச்மேன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடிச் சாவியைக் கொடுத்தேன். அத்தனை சாவியில் ஒன்றைப் பார்க்காமலே பிரித்தெடுத்துத் திறந்தார். பெரியவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வராண்டா முழுவதும் மூச்சுவிட்டது.

பொறுப்பாளர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். “மைக்ல ஆயிரம் சொல்லுவாங்க. சாவிய பறிகுடுத்தது நீதானே. நீ கெளம்பு.”

இதுதான் நேரம். நான் நெஞ்சை நிமிர்த்தி ஓரடி முன்னால் வந்தேன். “அய்யா, தவறு முழுவதும்...”

“உள்ள வாளி இல்லையே” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். வாளி என் நெஞ்சோடு இருந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. இடது கையால் வாளியைக் கொடுத்தேன், வலது கை தானாக சல்யூட் அடித்தது. அந்தக் கை பதில் சல்யூட் அடிக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

தயாரித்து வைத்த பேச்சு அத்தோடு மறந்துபோனது. இன்ஸ்பெக்டர்தான் பொறுப்பாளரிடம் பேசினார். “சார், பறிகுடுக்கல, பறிச்சிக்கிட்டாங்க. போலீஸ் கேட்டா அவரு என்ன பண்ணுவாரு? மாவட்டமே மைக்ல கேட்டுச்சு. நாளைக்கு விசாரணைன்னு வந்தா நானே வந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அவர வுட்டுடுங்க.” பொறுப்பாளர் மூடிய கதவை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். “போய் வேலையப் பாரு” என்று வாட்ச்மேனிடம் சொன்னார். சொன்னபடியே மறு மாதம் அவரை நிரந்தரமாக்கினார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. என் பேச்சை நம்பி அங்கே போயிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே தெருவில் நின்றிருப்பார்.

“நீங்க ஸ்டேஷனுக்கு வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அவர் அப்படிப் பேசினால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்தேன். வாட்ச்மேன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, வளைந்துபோன கேரியரைக் கையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். வளைத்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. “ஏண்ணே, இது சூட் ரூம் சாவின்னு ஒரு வார்த்த சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“நீங்க கேக்கலையே சார்” என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை, ஊர் வழக்கத்தை எடுத்துச் சொல்வதைப் போலச் சொன்னார். “கேக்காம நாமளா சொன்னா எதுத்துப் பேசறதா ஆயிடும். சைக்கிள்ல வர்றவன் எதுத்துப் பேசினா இன்னும் லேட்டாவும் சார். பேசாம நின்னுட்டா சீக்கிரம் வுட்டுடுவாங்க. இந்த ரோட்டுலதான் தெனம் வர்றேன். எத்தினியோ பேரு நிறுத்தியிருக்காங்க. எங்க போறேன்னு யாரும் கேட்டதில்ல.”

எனக்கு வலித்தது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

எதை நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நாளைக்கே கான்வாய் வரும், நிறுத்தத்தான் வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள். பதில் சொல்லும் வரை காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லை.

கேரியர் ஒரு வழியாக நிமிர்ந்தது. அவர் அதைத் தோள் துண்டால் துடைத்தார். சைக்கிளை என் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“எங்க சார் போவணும்? பாயிண்ட்டுக்கா, ஸ்டேஷனுக்கா?”

“ஸ்டேஷனுக்கு” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.